லோரிக்காரன் வீட்டு மீன்

அக்கா, ஒரு நிமிடம். அந்த மீனைத் திருப்பாதீர்கள்.

மன்னித்துக்கொள்ளுங்கள், கையைப் பிடித்துவிட்டேன். வலித்ததா? எதிரே உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத பெண் திடீரென்று மணிக்கட்டைப் பிடித்தால் யாருக்கும் தூக்கிவாரித்தான் போடும். நான் பைத்தியம் இல்லை. இங்கே பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு. புள்ளியியல். பெயர் தமயந்தி. நீங்கள் தெலுக் இந்தான் ஊரா? மகளை விடுதியில் விட்டுவிட்டு மழைக்கு ஒதுங்கினீர்களா? நல்ல கடைக்குத்தான் வந்திருக்கிறீர்கள். கம்பாரில் ஏழு வெள்ளிக்கு முழு மீனும் சோறும் வேறு எங்கே தருகிறார்கள், சொல்லுங்கள்.

மேல் பக்கம் தின்று முடித்தாயிற்று அல்லவா? இப்போது வால் பக்கமாக நடுமுள்ளைப் பிடித்து மெதுவாகத் தூக்க வேண்டும். தலையோடு கழன்று வந்துவிடும். அப்புறம் கீழ்ப்பக்கத்தை இருக்கிற இடத்திலேயே தின்னலாம். மீன் புரளவே தேவையில்லை. வேண்டுமானால் நானே எடுத்துத் தருகிறேன். குளிர். மழை பார்த்தீர்களா, காலையிலிருந்து விடவில்லை.

ஏன் திருப்பக் கூடாது என்றா? ஒன்றும் இல்லை. மூடநம்பிக்கைதான். எனக்கு அதில் துளிகூட நம்பிக்கை கிடையாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இது லோரிக்காரன் வீடு. அதோ அடுப்படியில் பனியனோடு நிற்கிறாரே, அவர் குவோங் அங்கிள். சமையல் எல்லாம் அவர். மேசை துடைக்கிறவர் லான் ஆன்ட்டி, அவர் மனைவி. உங்களை இந்த மேசையில் உட்கார வைத்தவர். கூட்டம் என்றால் இங்கே இப்படித்தான், தெரியாதவர்களைச் சேர்த்து உட்கார வைத்துவிடுவார்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் திரும்பிப் பாருங்கள், அந்த மேசை காலி. இருந்தும் உங்களை இங்கேதான் உட்கார வைத்தார். நான் எழுந்து ஓடிவிடக் கூடாது என்றுதான் என்று நினைக்கிறேன்.

அவர்களுக்கு ஒரே மகன். செங். வாரத்தில் இரண்டு நாள், திங்களும் வியாழனும், லோரி எடுத்துக்கொண்டு கேமரன் மலைக்குப் போவான். விடியுமுன் கிளம்புவான். முட்டைகோஸ், தக்காளி, கீரை எல்லாம் ஏற்றிக்கொண்டு பதினொரு மணிக்குள் இறங்கிவிடுவான். கடைக்குப் போக மீதியைச் சந்தையில் போடுவான். இன்றைக்கு வியாழன். இப்போது மணி என்ன? இரண்டே காலா?

இரண்டே கால்.

இந்தக் கன்டோனியச் சீனர் வீடுகளில், படகு ஓட்டுகிறவனும் வண்டி ஓட்டுகிறவனும் இருக்கிற வீட்டில், தட்டில் மீனைப் புரட்ட மாட்டார்கள். மீன் புரண்டால் வண்டி கவிழும். அவ்வளவுதான் சங்கதி. இதை முதல் ஆண்டில் எனக்குச் சொன்னவன் செங்தான். நான் அன்றைக்கே கேட்டேன். "போன வருஷம் அந்த மலைப்பாதையில எத்தனை லோரி கவிழ்ந்துச்சு? கவிழ்ந்தவன்ல எத்தனை பேர் முதல் நாள் மீன் தின்னான்? தின்னவன்ல எத்தனை பேர் திருப்பித் தின்னான்? திருப்பித் தின்னும் கவிழாதவன் எத்தனை பேர்? இந்த நாலு எண்ணையும் கொடு, நான் நம்புறேன்."

அவன் என்ன சொன்னான் தெரியுமா? "உனக்கு நாலு எண்ணு வேணும், எனக்கு ஒரே ஒரு லோரிதான் இருக்கு" என்றான்.

எப்படி? கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அது வாதமா? வாதமே இல்லை. அன்றைக்குத் தொடங்கிய சண்டை, இரண்டரை வருடம் ஓடிவிட்டது. அவன் எனக்கு வைத்த பெயர் லோயர், வக்கீலாம். நான் உள்ளே நுழைந்ததுமே "மா, லோயர் வந்தாச்சு, கோர்ட்டு ஆரம்பம்" என்று கத்துவான். நண்பன் என்றுகூடச் சொல்ல முடியாது, அக்கா. எதிர்க்கட்சி. அவ்வளவுதான். நான் இங்கே வருவது சாப்பாட்டுக்காக. திங்களும் வியாழனும் சாப்பாடு இன்னும் நன்றாக இருக்கும், காய்கறி அப்போதுதான் இறங்கும் என்பதால். அந்த நாட்களில் நான் வருவதற்கு அதுதான் காரணம்.

அந்தக் கிண்ணத்து வெந்நீரைக் குடித்துவிடாதீர்கள். அது குவளையும் சாப்பிடுகிற குச்சியும் அலச. நானும் முதல் நாள் குடிக்கப் போனேன். ஆன்ட்டி ஓடி வந்து பிடுங்கினார். அவருக்கு என்னிடம் பேச மலாய் சரியாக வராது, எனக்குக் கன்டோனீஸ் சாப்பாட்டுப் பெயர்களும் சண்டை போடுகிற அளவும்தான் தெரியும். இருந்தாலும் என்னிடம் வந்து, பன்றிக் கொழுப்பு வேண்டாமா என்று தன் வயிற்றைத் தட்டி, விரலை ஆட்டிக் கேட்டுத் தெரிந்துகொண்டார். மறுநாளே எனக்கென்று ஒரு சின்ன வாணலி. ஓரத்தில் நசுங்கியிருக்கும். அதில் வேறு யாருக்கும் எதுவும் வதக்க மாட்டார்கள். என் அம்மா இதை நம்ப மாட்டார். "சீனன் கடையில என்னத்தப் போட்டுக் கொடுக்குறானோ" என்பார். அம்மாவோடும் வாதாடியிருக்கிறேன். இந்த வாணலியைப் படம் எடுத்து அனுப்பினேன். "இதென்ன இப்பிடி நசுங்கிக் கெடக்கு" என்று பதில் வந்தது.

இன்றைக்கும் ஆன்ட்டி அந்த வாணலியைத்தான் எடுத்தார். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பேசாமல் என் வாணலியைக் கழுவி அடுப்பில் வைக்கிற மனுஷியிடம் என்ன வாதம் பண்ணுவது?

நேற்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தெரியாதவர். உங்களிடம் சொல்லலாம்.

நேற்று புதன், செங்குக்கு ஓய்வு. நீங்கள் உட்கார்ந்திருக்கிற இதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு ஒரு மீன், எனக்கு ஒரு மீன். மேல் பக்கம் முடிந்தது. அவன் வழக்கம்போல முள்ளைத் தூக்கத் தொடங்கினான். நானும் தூக்கினேன். உடனே சிரித்தான்.

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல லா. ரெண்டரை வருஷமா நம்பல நம்பலன்னு கத்துற. ஒரு நாளாவது நீ மீனைத் திருப்பிப் பாத்ததில்லயே."

"அது உங்க வீட்டு மரியாதைக்கு."

"மரியாதை இல்ல. பயம்."

அக்கா, என்னை யாரும் எது வேண்டுமானாலும் சொல்லலாம். பயம் என்று சொல்லக் கூடாது. பல்கலைக்கழக வாதப் போட்டியில் மூன்று தடவை கோப்பை வாங்கியவள் நான். கையிலிருந்த குச்சியை அவன் மீனுக்கு அடியில் கொடுத்தேன். அவன் முள்ளைப் பாதிதான் தூக்கியிருந்தான். ஒரே புரட்டு. பொத்தென்று விழுந்தது. சோயா குழம்பு மேசை முழுக்கத் தெறித்தது, அவன் சட்டையிலும்.

என் மீனைத் திருப்பியிருக்கலாமே என்கிறீர்களா? நானும் ராத்திரி பூராவும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், எனக்கு லோரி கிடையாது. என் மீனைத் திருப்பினால் அது சோதனையே ஆகாது. நிரூபிக்க வேண்டும் என்றால் அவன் மீன்தான் வேண்டும். அந்த நேரத்தில் அது சரியான தர்க்கமாகத்தான் இருந்தது.

அடுப்படியில் அங்கிளின் கரண்டிச் சத்தம் நின்றது. ஆன்ட்டி துணியோடு வந்தார். குழம்பைத் துடைத்தார். மீனை மறுபடி பழையபடி புரட்டி வைத்தார், அதை எப்படித் தொட்டார் தெரியுமா, தூங்குகிற பிள்ளையைத் திருப்பிப் படுக்க வைக்கிற மாதிரி. செங் மட்டும் சிரித்தான். "சரி லோயர். நாளைக்குப் பதினொரு மணிக்கு நான் வந்து இங்க உக்காந்தா நீ ஜெயிச்ச. அப்புறம் இந்தக் கடையில எல்லா மீனையும் நானே திருப்புறேன்."

சிரித்தான்தான். ஆனால் அந்த மீனின் மிச்சப் பக்கத்தை அவன் தின்னவில்லை. அதை நான் கவனித்தேன்.

இப்போது மணி என்ன?

அவன் கைப்பேசிக்கு இரண்டு மூன்று தடவை அடித்துப் பார்த்தேன். மலாய்க்காரப் பெண் குரல் ஒன்று, தொடர்பில் இல்லை, பிறகு முயலுங்கள் என்கிறது. எவ்வளவு மரியாதையாகச் சொல்கிறாள் பாருங்கள். பதினேழு தடவையும் அதே மரியாதை. மலைப்பாதையில் சில இடங்களில் தொடர்பு கிடைக்காது, அது எனக்கும் தெரியும். மழை பெய்தால் மண் சரியும், சாலையை மூடுவார்கள், வண்டிகள் வரிசையில் நிற்கும். அப்படி நின்றிருக்க எவ்வளவு வாய்ப்பு, இப்படி ஆகியிருக்க எவ்வளவு வாய்ப்பு என்று காலையில் தாளில் போட்டுப் பார்த்தேன். மிகச் சிறிய எண்தான் வந்தது. மிகமிகச் சிறியது. அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்திருக்கிறேன். எண் சிறியதாக இருந்தால் பயமும் சிறியதாக இருக்க வேண்டும் அல்லவா? எங்கள் விரிவுரையாளர் அப்படித்தான் சொன்னார்.

இரண்டு மணிக்கு எனக்கு ஒரு தேர்வு இருந்தது. சின்னத் தேர்வு. இருபது விழுக்காடுதான். போகவில்லை.

பாருங்கள், ஆன்ட்டி மறுபடி வாசல் சாமிக்கு ஊதுபத்தி ஏற்றுகிறார். இது நாலாவது. ஏற்றிவிட்டு என்னைப் பார்க்கிறார். இல்லை, என்னை அல்ல, மேசைமேல் இருக்கிற என் கைப்பேசியை. காலையிலிருந்து இப்படித்தான். அங்கிளிடம் கைப்பேசி இருக்கிறது, ஆன்ட்டியிடமும் இருக்கிறது, கல்லாவில் ஒரு தொலைபேசியும் இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு என்னுடையதையே ஏன் பார்க்க வேண்டும்? பன்னிரண்டு மணிக்கு நான் எழுந்து போகப் பார்த்தேன். ஆன்ட்டி தோளில் கை வைத்து உட்கார வைத்துவிட்டார். கைப்பேசியில் மின்சாரம் குறைந்ததும் அவரே கம்பி கொண்டுவந்து மாட்டினார். செங் முதலில் எனக்கா அழைக்கப் போகிறான்? என்னை எதற்கு அழைப்பான்? எனக்குப் புரியவில்லை. இது ஏதோ ஒரு தண்டனை. கெட்ட செய்தி வந்தால் அது என் காதில்தான் முதலில் விழ வேண்டும் என்று நினைக்கிறார் போல.

அங்கிள் வருகிறார். தேநீர் ஊற்ற. கொஞ்சம் இருங்கள்.

...

கேட்டீர்களா, என்ன சொன்னார் என்று? உங்களுக்கு மலாய் புரியுமே. "பின் டயர் வழுக்கையா போச்சு. ரெண்டு வாரமா சொல்லிக்கிட்டு இருந்தான். நான்தான் அடுத்த மாசம் பாக்கலாம்னேன்." குவளை நிறைந்து வழிகிறது, அவர் ஊற்றிக்கொண்டே நிற்கிறார். எவ்வளவு பெருந்தன்மை பாருங்கள், அக்கா. என் மனம் நோகக் கூடாது என்று பழியைத் தூக்கி ஒரு டயர் மேல் போடுகிறார். மூன்று தடவை சொல்லிவிட்டார் இதையே. காலையில் ஒரு தடவை, சாப்பாடு கொண்டுவந்தபோது ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் குரல் இன்னும் இறங்குகிறது. எனக்கு ஆறுதல் சொல்லச் சொல்ல அவருக்கே அழுகை வந்துவிடும் போல இருக்கிறது. டயராம். டயருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அந்த டயரோடுதான் போன திங்கள் போனான், அதற்கு முந்தின வியாழன் போனான். ஒன்றும் ஆகவில்லை. நேற்றுக்கும் அதற்கும் நடுவில் மாறியது ஒன்றே ஒன்றுதான்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

இதுவா? இது கைக்குட்டை. மஞ்சளாக இருக்கக் கூடாதா கைக்குட்டை? சரி. ஐம்பது காசு முடிந்திருக்கிறேன். கல்லுமலை முருகனுக்கு. அவன் நல்லபடியாக இறங்கி வந்தால் தைப்பூசத்துக்குப் பால்குடம். சிரிக்காதீர்கள். இதற்கும் மீனுக்கும் வித்தியாசம் இருக்கிறது. என்ன வித்தியாசம் என்று கேட்டால் இப்போது சொல்ல வராது. தலை வலிக்கிறது. நாளைக்கு யோசித்துச் சொல்கிறேன்.

நாளைக்கு நீங்கள் இங்கே இருக்க மாட்டீர்கள், இல்லையா.

எனக்கு ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. அந்த வளைவுகளில் அவன் ஓட்டும்போது, மழையில், கண்ணாடி தெரியாமல், ஒரு நொடி அவனுக்கும் அந்த மீன் ஞாபகம் வந்திருக்குமோ என்று. நம்பிக்கை இருக்கிறவனுக்கு ஞாபகம் வரும் அல்லவா? ஞாபகம் வந்தால் கை பதறும் அல்லவா? அப்போது அது மூடநம்பிக்கை இல்லை. அப்போது அது காரணம். நான் கொடுத்த காரணம். இந்தப் பக்கமாக யோசித்தால் எனக்கு எதிர்வாதமே கிடைக்கவில்லை. காலையிலிருந்து தேடுகிறேன், ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள்.

அக்கா. அடிக்கிறது.

என் கைப்பேசிதான். தெரியாத எண்.

பாருங்கள், எல்லோரும் நின்றுவிட்டார்கள். அங்கிள் அடுப்பை அணைத்துவிட்டார். தெரியாத எண், அக்கா. தெரியாத எண்ணிலிருந்து யார் அழைப்பார்கள்? போலீஸ் அழைக்கும். மருத்துவமனை அழைக்கும். என்னால் முடியாது. நீங்கள் எடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன், நீங்கள் எடுங்கள், நான் காதைப் பொத்திக்கொள்கிறேன்.

என்ன? யார்?

ஆண் குரலா? மலாயா, சீனமா? தலையை மட்டும் ஆட்டாதீர்கள், வாயைத் திறந்து சொல்லுங்கள்.

என்னைக் கேட்கிறானா?

கொடுங்கள். இல்லை, வேண்டாம், மேசையில் வையுங்கள், எல்லோருக்கும் கேட்கும்படி வையுங்கள். ஆன்ட்டி, வாங்க, கிட்ட வாங்க.

"லோயர்? லோயர், நீதானா? நீ இன்னிக்குப் பரீட்சைக்குப் போகலயா?"

...

கேட்டீர்களா, அக்கா. அந்தக் குரலைக் கேட்டீர்களா. பரீட்சைக்குப் போகவில்லையா என்று கேட்கிறான். மலையில் எங்கோ நனைந்துகொண்டு நிற்கிறான், பரீட்சையைக் கேட்கிறான். எனக்கு எப்போது பரீட்சை என்று இவனுக்கு எப்படித் தெரியும்?

நான் என்ன பதில் சொன்னேன்? நீங்கள்தான் பேசினீர்களா? நன்றி. நன்றி, அக்கா.

சரி, நான் கேட்டது சரிதானா பாருங்கள். மலையில் ரிங்லெட் ஊரைத் தாண்டி இறங்கும்போது பின் டயர் வெடித்தது. லோரி இழுத்துக்கொண்டு போய் மலைப் பக்கத்துக் கால்வாயில் இறங்கிச் சாய்ந்து நின்றுவிட்டது. பள்ளத்துப் பக்கம் அல்ல, மலைப் பக்கம். சாய்ந்தது. கவிழவில்லை. சாய்வது வேறு, கவிழ்வது வேறு. இதை யாராவது கேட்டால் நீங்கள் சாட்சி. அவன் கைப்பேசி தண்ணீரில் விழுந்துவிட்டது. மண் சரிந்து மூடிய சாலை இப்போதுதான் திறந்து, ஸ்ட்ராபெரி ஏற்றி வந்த வேன்காரர் கொடுத்த கைப்பேசியில் பேசுகிறான். அவன் மனப்பாடமாக வைத்திருக்கிற ஒரே எண் இதுதானாம். ஏன் என்னுடைய எண்ணை... சரி, அது இருக்கட்டும். கடை எண் மறந்துபோயிருக்கும். பயத்தில் அப்படி ஆகும்.

அங்கிள் ஏன் தரையில் உட்கார்ந்துவிட்டார்? அங்கிள், அவன் நல்லா இருக்கான், கேட்டீங்கதானே. டயர் டயர் என்று எதற்கு மார்பில் அடித்துக்கொள்கிறார், அக்கா? எல்லாம் முடிந்துவிட்டது, இனிமேல் எனக்கு ஆறுதல் தேவையில்லை என்று அவரிடம் சொல்லுங்களேன். ஆன்ட்டி அவர் முகத்தைத் துடைக்கிறார். மேசை துடைக்கிற துணி அது.

அந்த வேனில்தான் இறங்கப் போகிறானாம். ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றான். கடைசியாக அவன் சொன்னது உங்களுக்கும் கேட்டதுதானே? "மா கிட்ட சொல்லு, லோயர் ஜெயிச்சுட்டா. நான் சொன்ன சொல்லு மாற மாட்டேன். மீனைத் திருப்பச் சொல்லு."

நான் ஜெயித்துவிட்டேன். இரண்டரை வருடத்து வழக்கு.

ஆன்ட்டி என்ன செய்கிறார்? எதற்குக் குச்சியோடு வருகிறார்? சிரிக்கிறார், அக்கா. இந்த ஆன்ட்டி சிரித்து நான் பார்த்ததே இல்லை. உங்கள் தட்டைக் காட்டுகிறார். மகன் சொன்னதைச் செய்யப் போகிறார், உங்கள் மீனைத் திருப்பப் போகிறார்.

வேண்டாம் ஆன்ட்டி.

இல்லை, நான் விளையாடவில்லை. மீன் மேலிருந்து கையை எடுக்க மாட்டேன். குழம்பு ஆனால் ஆகட்டும், கைதானே, கழுவிக்கொள்ளலாம். அக்கா, நீங்கள் சொல்லுங்கள் அவரிடம், எனக்கு இப்போது கன்டோனீஸ் ஒரு வார்த்தைகூட வரமாட்டேன் என்கிறது. அவன் இன்னும் மலைமேல்தான் இருக்கிறான். வேன் இனிமேல்தான் கிளம்ப வேண்டும். அந்த வேன்காரர் யார், எப்படி ஓட்டுவார், அவர் வண்டி டயர் எப்படி, யாருக்குத் தெரியும்? மழை நிற்கவில்லை. எத்தனை வளைவு தெரியுமா அடிவாரத்துத் தாப்பா வரைக்கும்? முதலில் அவன் இறங்கட்டும். இறங்கி வந்து இந்த நாற்காலியில் உட்காரட்டும். அவன் முகத்தை நான் பார்க்கிறேன். அப்புறம் திருப்பலாம், எத்தனை மீன் வேண்டுமானாலும் திருப்பலாம், நானே திருப்புகிறேன்.

இல்லை. அப்புறமும் வேண்டாம்.

திங்கட்கிழமை மறுபடி போவானே.